பரளச்சியில் எடுத்த இரும்பு

திருச்சுழி
17.8.1997

அன்பு மகன் பிரின்ஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதிய பிறகுதான் மற்றதை எழுத வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். இந்தத் தடவை கிருபைக்குக் குறைவில்லை, சுகத்தில்தான் கொஞ்சம் குறைவு. நீ எப்படி இருக்கிறாய், அந்த ஊர் வெயில் கொஞ்சமாவது இறங்கியதா, அறையில் தண்ணீர் வருகிறதா என்பதையெல்லாம் விவரமாக எழுது. அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று நீ கேட்டதற்கு, எல்லாம் நல்லபடி என்று போனில் சொன்னேன். அது பொய் இல்லை, சுருக்கம். பூத்தில் ராமசுப்பு மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் வீட்டுச் செய்தி நமக்குத் தெரிவதற்கு முன்பே கடைத்தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் உன் அப்பா வேறு நின்றுகொண்டு, நான் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் பரீட்சை மேற்பார்வை செய்கிறவர் மாதிரி தலையாட்டுகிறார். இப்போது ஸ்டீபன் மாமா அவரை முடி வெட்ட மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அவர்கள் திரும்பி வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும். நிதானமாக உட்கார்ந்து படி. பயப்படுகிற முடிவு எதுவும் இதில் இல்லை. ஆனால் பயம் இன்னும் முடியவில்லை.

மழை இன்னும் இல்லை. ஆடி முழுக்க மேகம் வந்து பார்த்துவிட்டு, கவர்மெண்டு ஆபீசில் கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி முகத்தைக் காட்டிவிட்டுப் போனது. ஸ்டீபன் மாமா உழுது போட்டிருக்கிறான், பருத்தியா கொத்தமல்லியா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இது இப்படி இருக்க, அப்பாவின் கால் நீ போன மாதம் கேட்ட அளவில் நிற்கவில்லை. இடுப்பில் வலி, வலது காலில் மரத்துப் போகிறது என்று முன்பே எழுதியிருந்தேன் அல்லவா. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கிறேன், இடது காலில் செருப்பு இருக்கிறது, வலது காலில் இல்லை. எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிகிறது. செருப்பு கழன்று போனதும் தெரியவில்லை, வெறுங்காலில் ஆகஸ்டு மாதத் தார் ரோட்டில் நடந்து வந்ததும் தெரியவில்லை. பாதத்தில் கொப்புளம் போட்டிருந்தது, அதுவும் தெரியவில்லை. "வலிக்காம இருக்கது நல்லதுதானடி" என்றார். மறுநாளே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மதுரை டாக்டர் காலைத் தட்டிப் பார்த்து, பெருவிரலைத் தூக்கச் சொல்லிப் பார்த்து, முதுகில் நரம்பு நசுங்கியிருக்கிறது, நாளைக் கடத்தினால் கால் விழுந்துவிடும், அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், அதற்கு முன்பு காந்த ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார்.

அந்த ஸ்கேனைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது, ஆகவே போவதற்கு முன்பு கிடைத்ததையெல்லாம் படித்தேன். நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றாலும் அந்தக் கெட்ட பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. எந்திரம் முழுக்க ஒரு காந்தம். படம் எடுக்கும்போது மட்டும் வேலை செய்கிற காந்தம் என்று நினைத்துக்கொள்ளாதே, ஆள் இல்லாதபோதும் இழுக்கும், கரண்டு போனாலும் இழுக்கும். மின்வாரியத்தை நம்பாமல் நடக்கிற எந்திரத்தை என் வாழ்நாளில் அங்கேதான் கேள்விப்பட்டேன். அறைக்குள் இரும்பைக் கொண்டுபோனால் பறந்துபோய் ஒட்டிக்கொள்ளுமாம். எங்கோ ஓர் ஊரில் கூட்டுகிறவர் தண்ணீர் வாளியோடு நுழைந்து, வாளி எந்திரத்தில் போய் ஒட்டி, நாலு பேர் பிடித்து இழுத்தும் வரவில்லை என்று மதுரையில் ஸ்கேன் எடுக்கிற இடத்தில் வேலை பார்க்கிற பெண் சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டேன், சிரித்தாள். வேறு எங்கோ இல்லை என்று புரிந்துகொண்டேன்.

போன அன்றைக்கு அங்கே நடந்ததைக் கேள். கதவுக்கு வெளியே ஒரு தட்டை வைத்து, உடம்பில் இருக்கிற உலோகத்தையெல்லாம் கழற்றி வைக்கச் சொன்னார்கள். உன் அப்பா பச்சை பெல்ட், வாட்ச், சாவி என்று வைத்துவிட்டு, "நாங்க தாயத்து கீயத்து கட்டுற ஆளுக இல்ல" என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். ஸ்டீபன் மாமாவுக்கு ஸ்கேன் இல்லை, அவன் உள்ளே போகப் போகிறவனும் இல்லை. இருந்தாலும் பயந்துபோய் பையில் கையை விட்டு மோட்டார் ரூம் சாமானை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். ஸ்பேனர், நட்டு, போல்ட்டு, வாசர், ஒரு பழைய பியரிங். "ஏன் மாப்ள, கெணத்தையும் கொண்டாந்திருக்கலாம்ல" என்றார் அப்பா. நான் சங்கிலியில் தொங்கிய ஊக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தப் பெண் அப்பாவிடம் வரிசையாகக் கேட்டாள். இதயத்தில் கருவி வைத்திருக்கிறதா, எலும்பில் கம்பி வைத்திருக்கிறதா, தோட்டா பாய்ந்திருக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்று இவர் சுறுசுறுப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில், "கண்ணுக்குள்ள எப்பவாவது இரும்புத் தூள் விழுந்திருக்காய்யா?" என்று கேட்டாள். "விழுந்துச்சு, எடுத்தாச்சு" என்றார். அவள் அதோடு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். விடவில்லை. "எந்த ஆஸ்பத்திரியிலய்யா எடுத்தீங்க?" என்றாள். "பரளச்சியில." "பரளச்சியில கண்ணாஸ்பத்திரி இருக்கா?" "ஆஸ்பத்திரி இல்லம்மா, மாயக்கா."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். உனக்கு இந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும், ஆகவே சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்பு, அப்பா கிணறு வெட்டுக் காண்டிராக்ட் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் ஆள் வராததால் அவரே பாறையில் உளி அடித்திருக்கிறார். உளித்தலையிலிருந்து ஒரு தெறிப்பு கிளம்பி வலது கண்ணில் பாய்ந்துவிட்டது. இடது கண்தான் சின்ன வயதில் அம்மை போட்டதிலிருந்து வெறும் நிழல் என்பது உனக்குத் தெரியும். இருக்கிற ஒரே கண் அது. அருப்புக்கோட்டைக்குப் போகலாம் என்று நான் அழுகிறேன், இவர் கூடக் கிணறு வெட்டிய மொக்கையனின் சைக்கிள் கேரியரில் ஏறிப் பரளச்சிக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் கிணறு வெட்டுகிறவர்கள், களத்தில் தூற்றுகிறவர்கள் எல்லாருக்கும் கண்ணில் எது விழுந்தாலும் மாயக்காள்தான். வாயைக் கொப்புளித்துவிட்டு, இமையை இரண்டு கட்டை விரலாலும் பிரித்துப் பிடித்துக்கொண்டு, நாக்கு நுனியால் கண்ணைத் தடவி, விழுந்ததை எடுத்து வெற்றிலையில் துப்பிக் காட்டுவாள். அப்பாவுக்கும் அப்படியே எடுத்துக் காட்டினாள், கறுப்பாக ஒரு பொடி. சில நாளில் சிவப்பு வடிந்தது, கண் நன்றாகிவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பொடியைப் பஞ்சில் சுற்றி ஒரு மூக்குப்பொடி டப்பாவில் போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறார். புனிதர்களின் எலும்பையும் துணியையும் வைத்துக் கும்பிடுகிறார்கள் என்று கத்தோலிக்கச் சொந்தக்காரர்களை அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கேலி செய்கிற மனிதர் இவர்தான்.

அந்தப் பெண் உள்ளே போய் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து, முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வாருங்கள், இரும்பு இல்லை என்று தெரிந்தால்தான் உள்ளே விடுவோம் என்றாள். கண்ணுக்குள் சின்னத் தெறிப்பு இருந்தால் அந்தக் காந்தம் அதைத் திருப்பிவிடும், இழுத்துவிடும், பார்வை போய்விடும் என்று பொறுமையாகத்தான் சொன்னாள். உன் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அருப்புக்கோட்டை பஸ்ஸு போர்டை அந்த வளைவுலயே வாசிச்சிருவேன். உள்ள இரும்பு இருந்தா வாசிக்க முடியுமா? எடுத்ததக் கண்ணால பாத்திருக்கேன், வீட்டுல இருக்கு, வந்து பாரு" என்றார். எடுத்த இரும்பைப் பார்த்தது எந்தக் கண் என்று கேட்க எனக்கு நா துடித்தது. இடம் சரியில்லை என்று விட்டுவிட்டேன். "மாயக்காளப் பொய்க்காரின்னு சொல்ற எடத்துல நான் படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வெளியே நடந்தார். நடந்தார் என்று எழுதுகிறேன், பாதி தூரம் ஸ்டீபன் மாமா தாங்கிக்கொண்டுதான் வந்தான். ஸ்கேன் எடுக்காமலேயே ஊர் திரும்பினோம்.

மறுநாள் அவர் தூங்கிய நேரத்தில் நான் ஒரு வேலை செய்தேன். பரணில் கிடக்கிற ரிப்பேர் ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றி, அதன் பின்னால் இருக்கிற காந்தத்தை எடுத்துக்கொண்டேன். டப்பாவைத் திறந்து பஞ்சைப் பிரித்து அந்தப் பொடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அசையவில்லை. மேலே வைத்தேன், ஒட்டவில்லை. தையல் ஊசியை வைத்துப் பார்த்தேன், அது துள்ளிக்கொண்டு வந்து ஒட்டியது, ஆகவே காந்தத்தின் மேல் குற்றமில்லை. இப்படிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன், தலைக்கு மேலே நிழல் விழுகிறது. உன் அப்பா முழித்து வந்து நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. "இத்தன வருசமாத் துருப்பிடிச்சுக் கெடந்தா இரும்புக்கு வேகம் இருக்குமா? நீ படிச்சவதான, யோசிக்க வேண்டாமா?" என்று விஞ்ஞானத்தை எனக்கு விளக்கிவிட்டு, டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் குளிக்கிற இடத்தில் கால் மடங்கி விழுந்தார். அடி பலமில்லை. ஆனால் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார் பார், அந்தப் பார்வையை எழுத முடியவில்லை. எந்திரத்தில் ஏற்றினால் கண்ணுக்குப் பயம், ஏற்றாவிட்டால் காலுக்குப் பயம். ஒரு எக்ஸ்ரே எடுத்தால் இரண்டுக்கும் வழி தெரியும். அதற்குத்தான் இவர் ஒத்துக்கொள்ளவில்லை. கண் போய்விட்டால் இந்த மனிதர் என்ன செய்வார், பேப்பர் வாசிக்காமல் ஒரு நாள் இருக்க முடியுமா என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பரளச்சிக்குப் போனேன். போகிற வழியெல்லாம் மாயக்காளிடம் என்ன கேட்க வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்துகொண்டேன். சாட்சிக்கூண்டில் ஏற்றிக் கேட்கிற மாதிரி கேட்பதாக உத்தேசம். அவள் வீட்டுக்குப் பின்னால் சீமைக்கருவேல மூட்டம் பிரித்துக் கரி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கரி. "வாங்க லைப்ரேரியம்மா, கண்ணுல என்ன?" என்றாள். யார் போனாலும் அவளுக்கு முதல் கேள்வி அதுதான். கண்ணில் ஒன்றும் இல்லை, கேட்க ஒன்று இருக்கிறது என்றேன். கிணறு வெட்டின எங்கள் வீட்டுக்காரர் வேதநாயகத்துக்கு உளித்தெறிப்பு எடுத்தாயே, அது நிஜமாகவே வந்ததா என்று, தயார் செய்த எல்லா வாக்கியத்தையும் விட்டுவிட்டு ஒரே வாக்கியமாகக் கேட்டேன். "அவுகளுக்கா? எத்தன பேரு வந்தாக, எனக்கெங்க நெனப்பு இருக்கு" என்றாள். நான் ஸ்கேன் கதையைச் சொன்னேன், காந்தம் இழுக்கும் என்பதைச் சொன்னேன், இருக்கிறது ஒரே கண் என்பதைச் சொன்னேன். மூட்டையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"வாரவுகளுக்கெல்லாம் வந்துருமா தாயி?" என்றாள். "தூசி வரும். நெல்லுச் சொணை வரும். பூச்சி றெக்கை வரும். உளித்தெறிப்பு தச்சிருச்சுன்னா நாக்குக்கு அம்புடாது." அப்படியானால் வெற்றிலையில் துப்பிக் காட்டியது என்ன என்று கேட்டேன். ஒளிக்கவில்லை. "கரிதான். கடவாயில ஒரு பொடி ஒதுக்கி வச்சிருப்பேன்" என்றாள். ஏன் இப்படி ஏமாற்றினாய் என்று கேட்டுவிட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வரலைன்னு சொன்னா என்ன பண்ணுவாக தெரியுமா? வீட்டுக்குப் போயிக் கசக்குவாக. துண்டு நுனியத் திரிச்சு விட்டுக் கிண்டுவாக. ஒருத்தன் கோழி எறகை விட்டுக் கிண்டிக் கண்ணையே போக்கிட்டான். அவனுக்கு நான் வரலைன்னு உள்ளதச் சொன்னேன். அதுக்கப்புறம் யாருக்கும் வரலைன்னு சொன்னதில்ல. வந்துருச்சுன்னு காட்டிட்டா கைய எடுத்துருவாக. கையெடுத்தா கண்ணு தானா ஆறிரும்." நான் கொண்டுபோயிருந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அது சரி என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொன்னா போயிருவாகளாக்கும்" என்றாள். நம் வீட்டு ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்ல?

இப்போது என்ன செய்வது, அவர் எக்ஸ்ரே எடுக்க மாட்டேன் என்கிறாரே, நீ சொன்னதை நான் போய்ச் சொன்னால் நம்புவாரா என்று அவளிடமே கேட்டேன். "சொல்லாதீக" என்றாள் சட்டென்று. "எனக்காகச் சொல்லல தாயி. எனக்கு இனிமே என்ன பேரு, கரிக்காரின்னு பேரு. அவுகளுக்கு அப்புறம் அந்தக் கண்ணு மேல நம்பிக்க போயிரும். நடக்குறப்ப தடுமாறுவாக." பிறகு, "நான் சொல்லிவிட்டேன்னு சொல்லுங்க. தெறிப்பு ரெண்டா ஒடஞ்சிருந்துச்சு, எடுத்தது ஒண்ணு, இன்னொண்ணு கெடந்தாலும் கெடக்கும், படம் புடிச்சுப் பாக்கச் சொன்னா மாயக்கான்னு சொல்லுங்க" என்றாள். திரும்பி வரும்போது ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொடுத்தாள். ஒரு பொய்யையும் கத்தரிக்காயையும் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன்.

அன்றைக்கே சொன்னேன். சொல்லும்போது என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது. அப்பா சாப்பிட்ட கையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "மாயக்காளே சொன்னாளா?" என்றார். ஆமாம் என்றேன். "அவ அன்னைக்கே சொல்லியிருப்பா, வலியில நான்தான் கவனிச்சிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, "ஏலே ஸ்டீபன், காலையில வண்டியக் கொண்டா, அருப்புக்கோட்டை போயிட்டு வருவோம்" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். டாக்டர் சொல்லிக் கேட்காத, படித்தவள் சொல்லிக் கேட்காத, எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற பெண் சொல்லிக் கேட்காத மனிதர், மாயக்காள் சொன்னாள் என்றதும் கிளம்பிவிட்டார். இத்தனை வருஷம் ஜனங்களுக்குப் புத்தகம் கொடுத்துக் கொடுத்து வாங்கியவள் என்ற முறையில் இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எக்ஸ்ரேயில் இருந்தது. கண் குழியின் ஓரத்தில் கடுகு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. பெல்ட்டைக் கழற்றி வைத்து, வாட்ச்சைக் கழற்றி வைத்து, ஊக்கு முதற்கொண்டு கழற்றி வைத்து, இதை உள்ளே வைத்துக்கொண்டு அந்தக் கதவு வரைக்கும் போயிருக்கிறோம். கண் டாக்டரிடம் காட்டினோம். இரும்பு கண்ணுருண்டைக்குள் இல்லை, பக்கத்துச் சதையில் தங்கியிருக்கிறது, அதனால்தான் பார்வை கெடவில்லை, இவ்வளவு காலம் சும்மா கிடப்பதை நாமாகப் போய்க் கிளற வேண்டாம் என்றார். ஆனால் அந்தக் காந்தத்துக்குள் போயிருந்தால் அது திரும்பியிருக்கும், திரும்புகிற வழியில் எதை அறுத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். இனிமேல் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்ல வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். அப்பா எக்ஸ்ரே படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, தன் கண்ணுக்குள் கிடக்கிற இரும்பைத் தன் கண்ணாலேயே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து அந்த மூக்குப்பொடி டப்பாவை எடுத்தார். எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்! கரிப் பொடியைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்தார். "பாத்தியாடி, ரெண்டும் ஒரே அளவு. சரி பாதி. மாயக்கா சொன்னா சொன்னதுதான்" என்றார். கண் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இப்போது ஊர் முழுக்க இந்தப் பாதி இரும்புக் கதைதான். மொக்கையன் வந்து, தனக்கும் மிச்சம் இருக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார். அவரையும் பழைய கிணற்று ஆட்கள் இரண்டு மூன்று பேரையும், எப்போதாவது இந்த மாதிரி ஸ்கேன் எடுக்கச் சொன்னால் கட்டாயம் முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல வேண்டும் என்று அப்பாவே கூப்பிட்டு வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தத் தாலுகாவில் காந்த ஸ்கேனைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேசுகிறவர் வேறு யாரும் இல்லை. சொல்கிற காரணம் தப்பு, சொல்கிற விஷயம் சரி. நான் தலையிடவில்லை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். காந்த ஸ்கேன் கிடையாது என்று ஆகிவிட்டதால், முதுகுத்தண்டுக்குள் மருந்து ஏற்றி எடுக்கிற பழைய மாதிரி படம் எடுப்பார்களாம். வருகிற புதன்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள். ஊசி போட்ட பிறகு தலைவலி வரும், அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அசையாமல் படுத்திருப்பது உன் அப்பாவுக்கு வருமா? படத்தைப் பார்த்துவிட்டு அறுவை சிகிச்சைக்கு நாள் சொல்வார்கள். பெருவிரல் இன்னும் கொஞ்சம் அசைகிறது, அசைகிற வரைக்கும் நம்பிக்கை உண்டு என்று டாக்டர் சொன்னதிலிருந்து, அவர் படுத்திருக்கும்போதெல்லாம் நான் போர்வையைக் காலுக்கு மேலே தூக்கி விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொசுவை விரட்டுவதாகச் சொல்லிக்கொள்கிறேன். நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம், ஸ்டீபன் மாமா கூட இருக்கிறான். அவசியம் என்றால் நானே சொல்வேன், பூத்தில் ராமசுப்பு முன்னாலேயே சொல்வேன். அங்கே உங்கள் ஆராதனையில் சொல்லி ஜெபிக்கச் சொல்.

உனக்குச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. நீ இரும்பு அறுக்கிற வேலையில் இருக்கிறாய். கடைசியாக அனுப்பிய போட்டோவில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு சிரிக்கிறாய். நெற்றியில் இரும்பு பாய்ந்தால் ஒன்றும் ஆகாது, அதைக் கண்ணுக்குப் போடு. கண்ணில் ஏதாவது விழுந்தால் கசக்காதே, உடனே அங்கே இருக்கிற டாக்டரிடம் போ. எப்போதாவது உன்னை இந்த மாதிரி எந்திரத்தில் படுக்கச் சொன்னால், எடுத்தாச்சு என்று மட்டும் சொல்லாதே. யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள், நீ பார்த்தாயா என்பதை எல்லாம் சொல். வாரம் ஒரு முறையாவது எண்ணெய் தேய்த்துக் குளி, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. உன் கண்களைப் பத்திரமாக வைப்பாராக.

முடிக்கும் முன்பு ஒரு எச்சரிக்கை. பதில் எழுதும்போது மாயக்காள் என்னிடம் சொன்னதைப் பற்றி ஓர் எழுத்துக்கூட எழுதாதே. பாதி இரும்பு என்றே எழுது. உன் கடிதம் வந்தால் என்னைத் தொடவிடாமல் உறையைக் கிழித்து, வாசல் வெளிச்சத்தில் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு முதலில் வாசிக்கிறவர் அப்பாதான். இப்போதும் ஒரு வரி விடாமல் அப்படித்தான் வாசிக்கிறார். ஆகவே கொஞ்சம் பொடி எழுத்தாகவே நிறைய எழுது மகனே, பக்கம் கூடினாலும் பரவாயில்லை, வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
வே. ஞானப்பூ